மஞ்சள் துணிக்குள் கொண்டை ராணி

என் வயதுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எழுதினால் சதம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம். செப்புச் சதத்தின் பின்பக்கத்தில் தனியாக நின்ற பனைமரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓரம் பூவிதழ்போல நெளிந்த இரண்டு சதத்தை வாய்க்குள் போட்டு, நாக்கால் தடவிப் பார்த்து, அதற்காக அடியும் வாங்கியிருப்பீர்கள். சதுர ஐந்து சதம் காற்சட்டைப் பையில் ஓட்டை போடும் என்று ஆண்பிள்ளைகள் முறைப்பாடு சொல்லுவார்கள். எல்லாக் காசிலும் முன்பக்கத்தில் ஒரு முகம் இருக்கும். எங்கள் ஊரை ஒரு நாளும் கண்டிராத முகம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு தையிலிருந்து பங்குனி வரைக்கும், நான் அந்த முகங்களைச் சேர்த்தேன். பிறகு சேர்க்கவில்லை. ஏன் விட்டேன் என்று இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அந்தத் தை மாதம் தம்பிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. அவனுக்கு நாலு வயது. நெருப்புக்காய்ச்சல் வந்த வீட்டுக்கு, தொற்றிவிடும் என்ற பயத்தில், அந்த நாளில் யார் வருவார்கள்? பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று, “இப்ப எப்பிடி?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் என்னுடைய வாங்குப் பலகையில் நாலு பேர் இருந்தோம். ஒரு கிழமைக்குள் மூன்று பேரும் வேறு வாங்குக்கு மாறிவிட்டார்கள். ரீச்சர் அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் வாசிக்கச் சொல்லும்போது என் பக்கத்தில் வந்து, அந்த வெறும் வாங்கில் இருந்துகொள்ளுவார். அவருடைய சேலையில் சோப்பும் சோக்கட்டியும் கலந்த ஒரு மணம். அந்த மணத்துக்காகவே நான் பிழையில்லாமல் வாசித்தேன்.

வீட்டில் அம்மா அறையை விட்டு வெளியே வருவதில்லை. நான் உள்ளே போகக் கூடாது. ஆகவே பள்ளி விட்டதும் நேரே ஐயாவின் கடைக்குப் போவேன். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பண்டத்தரிப்புப் பக்கம் போகிற வழியில், சந்தியில், ஒரு தட்டியும் இரண்டு அலுமாரியும் உள்ள கடை. சுருட்டு, புளி, கருவாடு, மண்ணெண்ணெய். நான் உள்ளே அரிசிச் சாக்கில் ஏறி இருப்பேன்.

“பசிக்குதோ?” என்பார் ஐயா.

“இல்லை.”

ஒரு நாளைக்கு எங்கள் கதை அவ்வளவுதான்.

காசு போடுகிற இழுப்பறை, லாச்சி, எனக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. அதற்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து முகம் பார்ப்பேன். முடி சூடியிருந்த, தாடி இல்லாத ராசாதான் அதிகம். அவருக்கு நான் வைத்த பெயர் மழித்த ராசா. அவருக்கு முந்தியவர் தாடி ராசா. தாடியிலும் இரண்டு பேர் என்று பிறகுதான் கண்டுபிடித்தேன், ஒருவர் வலுத்த உடம்பு, மற்றவர் மெலிவு. புதிதாக வந்திருந்தவர் சின்ன ராணி. இவர்கள் எல்லாருக்கும் முந்தி ஒரு ராணி இருந்தார். கூந்தலைப் பின்னால் கொண்டையாக முடிந்தவர். அவருடைய காசு அபூர்வமாக வரும். வந்தாலும் ஆயிரம் கை பட்டு முகம் அழிந்து, கொண்டை மட்டும் ஒரு மேடாகத் தடவுப்படும்.

ஒரு நாள் சைக்கிள் திருத்துகிறவர் சுருட்டு வாங்க வந்து என்னைக் கண்டுவிட்டார்.

“என்ன பிள்ளை, ராசாவோடை என்ன கதை? பொம்பிளை கேக்கிறாரோ?”

நான் காசைக் கைக்குள் மறைத்தேன்.

“கேக்கட்டும்,” என்றார் ஐயா. “ஊரிலை ஒருத்தரும் அவளோடை கதைக்கினமில்லை. ராசாவாவது கதைக்கட்டும்.”

“அப்ப சீதனத்துக்கு என்ன செய்யப்போறாய்? உந்த ராசாவுக்குக் கடையை எழுதிக் குடுத்தாலும் காணாதே!” என்றார் அவர் ஐயாவிடம்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பிக்குக் காய்ச்சல் வந்த பிறகு ஐயா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

நான் ஒரு காசையும் களவெடுக்கவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு முகம் பிடித்தால், அதே பெறுமதிக்கு என்னிடம் இருந்த வேறு காசைப் போட்டுவிட்டுத்தான் எடுப்பேன். ஐந்து சதத்துக்கு ஐந்து சதம். ஐயாவுக்கும் நட்டமில்லை, எனக்கும் பாவமில்லை. எடுத்த காசைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன். மழித்த ராசாவின் சதுரக் காசு இருக்கிறதே, அது தேய்க்கத் தேய்க்கப் பவுண் நிறத்துக்கு வந்துவிடும். ஐயா ஏசுவார்: “எடியே, புளி விக்கிற விலை தெரியுமே உனக்கு?” ஆனால் புளியைத் தள்ளி வைக்க மாட்டார். காசுகளை ஒரு பால்பேணிக்குள், பழைய பால் தகரத்துக்குள், போட்டு வைத்திருந்தேன். யாரும் இல்லாத வேளையில் அவர்களை வெளியே எடுத்து, அரிசிச் சாக்கின்மேல் ஒரு வரிசையாக இருத்துவேன். வரிசையின் முதல் இடம் வெறுமையாக இருந்தது. அது கொண்டை ராணியின் இடம்.

கொண்டை ராணி எங்கள் வீட்டிலேயே இருந்தார். அம்மாவின் சீதனப் பெட்டகத்தின் அடியில், கூறைச் சேலைக்குக் கீழே, ஒரு பெரிய செப்புக் காசு கிடந்தது. அதுவும் ஐந்து சதம்தான். சதுரக் காசு வருவதற்கு முந்திய காலத்து ஐந்து சதம். வட்டம், கனம், என் உள்ளங்கை நிறைந்துவிடும். யாரும் புழங்காதபடியால் ராணியின் முகம் அப்படியே இருந்தது. மூக்கு, உதடு, கொண்டையில் ஒவ்வொரு மயிர்க்கோடும். ஒரு முறை தொடப்போனபோது அம்மா கையில் தட்டினார்.

“உது விளையாடுற காசில்லை.”

காய்ச்சல் இரண்டு கிழமை தாண்டியது. பரியாரியார் வந்து தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஐயாவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தார். அன்று அம்மா பெட்டகத்தைத் திறந்தார். ஒரு துண்டு வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் நனைத்து, அந்தச் செப்புக் காசை அதற்குள் வைத்து முடிந்தார். தம்பி கிடந்த அறையிலேயே, அம்மன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டார்.

“தாயே, பொடியன் எழும்பினால் பங்குனித் திங்களிலை வந்து பொங்கி, இந்தக் காசை உன்ரை காலடியிலை வைக்கிறன். பொடியனைத் தா.”

நான் கதவு நிலையில் நின்று கேட்டேன். தம்பி பிழைக்க வேண்டும் என்று நானும்தான் கும்பிட்டேன். ஆனால் உங்களுக்கு உண்மையைச் சொன்னால் என்ன, ராணி போகப்போகிறார் என்பதும் கூடவே மனதில் வந்தது. கோவில் உண்டியலுக்குள் போன காசு திரும்பி வராது. வரிசையின் முதல் இடம் என்றைக்கும் வெறுமைதான்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு என் கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது. அம்மா நேர்ந்தது ஐந்து சதம். நானும் ஐந்து சதம் வைக்கிறேன். ஐயாவின் லாச்சியில் செய்ததைத்தானே இங்கும் செய்யப்போகிறேன்? அம்மனுக்கு நட்டம் வரக் கூடாது என்று, என்னிடம் இருந்ததில் மிக வடிவான சதுரக் காசைத் தெரிந்து, புளி போட்டு இன்னொரு தடவை தேய்த்தேன்.

அம்மா கிணற்றடியில் தம்பியின் துணி அலம்பிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆணிக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது. பல்லால் அவிழ்த்தேன். வாயெல்லாம் மஞ்சள் கசந்தது. ராணியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மழித்த ராசாவை உள்ளே வைத்து முடிந்தேன். இறங்கும்போது தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். என்னை அவனுக்கு யாரென்று தெரியவில்லை. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது.

அடுத்த நாள் காலையில் அவன் கஞ்சி கேட்டான்.

பங்குனித் திங்கட்கிழமை அம்மன் கோவில் வெளிவீதி முழுவதும் புதுப்பானைகள். பச்சைப் பாளையும் பனையோலையும் எரிந்த புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. எங்களோடு இரண்டு மாதமாகக் கதைக்காத பெண்களெல்லாம் வந்து தம்பியின் கன்னத்தைத் தடவினார்கள். அம்மா மெலிந்துபோய், முழுகின தலையை அள்ளி முடிந்துகொண்டு, எல்லாரிடமும் சிரித்தார். பொங்கல் இறக்கியதும் வெற்றிலை வைத்த தட்டத்தைப் பூசாரியாரிடம் நீட்டி, மஞ்சள் முடிச்சை அதன்மேல் அவிழ்த்தார்.

வெற்றிலையில் சதுரக் காசு விழுந்தது. பவுண்போல மினுங்கியது.

அம்மா அதைப் பார்த்தபடியே நின்றார். துணியைத் திருப்பிப் பார்த்தார். உதறினார்.

“நான் முடிஞ்சது இது இல்லை,” என்றார். “என்ரை கையாலை முடிஞ்சனான். வட்டக் காசு. செப்புக் காசு.”

“வடிவா யோசிச்சுப் பார், பிள்ளை,” என்றார் பூசாரியார்.

“சத்தியமா இது இல்லை!”

பெரியம்மா, அம்மாவின் தமக்கை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எங்கள் குடும்பத்தில் எதற்கும் விளக்கம் சொல்லுகிறவர் அவர்தான். காசை ஒரு விரலால் தொட்டார். உடனே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

“ஏனடி நிக்கிறாய், விழுந்து கும்பிடடி! அம்மாள் மாத்தியெல்லோ தந்திருக்கிறா! உன்ரை காசை எடுத்துப்போட்டுத் தன்ரை காசைத் தந்திருக்கிறா!”

பெண்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். “என்ன மினுக்கம்!” “அம்மாளின்ரை மஞ்சள் நிறமெல்லோ!” யாரோ அழுதார்கள். அம்மா மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

ஐயா காசை எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். கண்ணில் ஒற்றுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேல் மஞ்சள் துணிக்குள் கிடந்த காசில் புளி மணக்காது. ஆனாலும் மணந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கன நேரம் இல்லை. காசைத் தட்டத்தில் திருப்பி வைத்துவிட்டு, தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, புகைக்கு அப்பால் போய்விட்டார்.

அந்தப் பின்னேரமே பெரியம்மா எங்கள் வீட்டில் வந்து குந்திக்கொண்டு மிச்ச விளக்கத்தையும் சொன்னார்.

“எடுத்த காசு பொடியனுக்குச் சரி. தந்த காசுக்கு என்ன செய்யப்போறாய்? சும்மா தருவாவே? உனக்கு ரெண்டு பிள்ளையள். ஒண்டைத் தந்திட்டா. மற்றதின்ரை கையாலை தொண்டு கேக்கிறா.”

அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தம்பி போய்விடுவான் என்று நினைத்து நினைத்துக் கிடந்த மனுஷி. மூன்று வருஷத்துக்கு, காலைப் பூசைக்கும் மத்தியானப் பூசைக்கும், என் கையால் பூ எடுத்து மாலை கட்டிக் கொடுப்பதென்று நேர்ந்துவிட்டார். கோவில் வயல் தாண்டி ஒரு பக்கம். பள்ளிக்கூடம் மற்றப் பக்கம்.

முதல் நாளே நான் ராணியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். அவரை உண்டியலில் போட்டுவிட்டால் அம்மனுக்கு அம்மனுடையது போய்ச் சேர்ந்துவிடும், நான் பள்ளிக்கூடம் போகலாம் என்று ஒரு நப்பாசை. செவ்வரத்தம்பூக்களுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோனேன். உண்டியலின் வாய் சின்னது. அந்த நாளில் புழங்கின காசுகளுக்கு அளவாக வெட்டினது. காசு பாதியில் இறுகி நின்றது. அமத்தினேன், திருப்பினேன், குத்தினேன். உள்வீதியில் பூசாரியாரின் வாளிச் சத்தம் கேட்டது. விரல் நகம் பிய்ய இழுத்தெடுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து, ராணியைப் பால்பேணிக்குள் போட்டு, மற்ற முகங்களோடு சேர்த்து மாதுளை மரத்துக்குக் கீழே குழி கிண்டித் தாட்டேன். அன்றோடு காசு சேர்ப்பது முடிந்தது.

இரண்டு கிழமை நான் வராததால் ரீச்சர் வீட்டுக்கு வந்தார். குடையை மடக்கிக் கதவோடு சாத்திவிட்டு வாங்கில் இருந்தார்.

“பிள்ளை கெட்டிக்காரி,” என்றார் அம்மாவிடம். “அஞ்சாம் வகுப்புச் சோதனையிலை கட்டாயம் சித்தியடைவாள். விடுதியிலை வைச்சுக் காசில்லாமல் படிப்பிப்பினம். உங்களுக்கு ஒரு செலவும் வராது.”

“செலவுக்கில்லை, ரீச்சர். தந்தவவுக்கு நாங்கள் இல்லையெண்டு சொல்லேலாது.”

“காலமைப் பூவைக் குடுத்திட்டு வரட்டும். பிந்தி வந்தாலும் நான் இடாப்பிலை வரவு போடுறன்.”

“மத்தியானப் பூசை?”

ரீச்சர் ஐயாவின் பக்கம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்கோவன்.”

ஐயா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். “தாய் நேர்ந்தது,” என்றார். “நான் என்னத்தைச் சொல்ல?” என்னைப் பார்க்கவில்லை.

பிறகு ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். கையைப் பிடித்தார். அந்தச் சோப்பு மணம்.

“நீ சொல்லு, அம்மா. உனக்குப் படிக்க விருப்பமோ, இல்லையோ?”

எனக்கு உயிர் போகிற அளவுக்கு விருப்பம். வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னால் போதும்: காசை மாற்றினது நான். ஆனால் அம்மாவின் மடியில் தம்பி இருந்தான். பத்தர் அந்தச் சதுரக் காசுக்கு வெள்ளியில் விளிம்பு கட்டிக் கொடுத்திருந்தார். கழுத்தில் தொங்கிய அதை அவன் கடித்துக்கொண்டிருந்தான். நான் உண்மையைச் சொன்னால், நேர்ந்த காசு அம்மனுக்குப் போகவே இல்லை என்று ஆகிவிடும். கடன் தீராத பிள்ளையை அம்மன் திருப்பி எடுக்க மாட்டாவா? அவனுடைய உதடு அப்போதும் சரியாக ஆறியிருக்கவில்லை.

“விருப்பமில்லை, ரீச்சர்.”

“என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு.”

“விருப்பமில்லை.”

அவர் எனக்கென்று ஒரு புதுக் கொப்பி கொண்டுவந்திருந்தார். அதை வாங்கில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். கொப்பியில் தம்பி கோடு கீறி விளையாடினான்.

மூன்று வருஷம் நான் ஒரு நாளும் பிந்தவில்லை. விடிய முன்னமே பனியில் நனைந்த நந்தியாவட்டையும் அலரியும் ஆய்ந்திருக்கிறேன். மாலை கட்டுகிற நாரை நனைக்க மடத்துக் கிணற்றில் நான் அள்ளின தண்ணீருக்கு அளவில்லை. பள்ளிக்கூட மணி வயலுக்கு மேலால் கோவிலுக்குக் கேட்கும். அது கேட்கும்போது மாலையை விட்டுக் கையை எடுக்க மாட்டேன். நேர்த்தி முடிந்தபோது ஐயா ஒரு முறை, “இனிப் பள்ளிக்கூடத்துக்கு விடுவமோ?” என்று கேட்டார். பெரியம்மா அடித்துச் சிரித்தார். “குமராகப் போறவளைச் சின்னப் பிள்ளையளோடை நாலாம் வகுப்பிலை இருத்தப் போறியளோ?” அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மிச்ச வாசிப்பையும் எழுத்தையும் நான் பிறகு பத்திரிகைத் துண்டுகளில் நானாகவே பிடித்தேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ஐயாவை நான் கன காலம் மன்னிக்கவில்லை. அவருக்குத் தெரியும். ஒரு பெட்டைக்கு மூன்று வகுப்புப் போதும் என்று நினைத்தாரா, இரண்டு மாதத்துக்குப் பிறகு அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அணைக்க மனம் வரவில்லையா, அல்லது என்னைப்போல அவருக்கும் பயமா? இப்போது அவருடைய வயதையும் தாண்டிவிட்டேன். பயம்தான் என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பொய்யை இரண்டு பக்கத்தில் நின்று காவல் காத்தோம். அவர் கண் மூடும் வரைக்கும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

தம்பி நன்றாகப் படித்தான். சின்ன வயதில் சண்டை வந்தால், “எனக்கு அம்மாள் காசு தந்தவ. உனக்கு என்ன தந்தவ?” என்று சங்கிலியைத் தூக்கிக் காட்டுவான். எஞ்சினியராகி லண்டனுக்குப் போனபோதும் அதைக் கொண்டுபோனான். அங்கே சுவாமி அறையில் வைத்திருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் யாருக்காவது அந்தக் கதையைச் சொல்லுவான். சொல்லிவிட்டு, “அக்காவைக் கேளுங்கோ, அவ பக்கத்திலை நிண்டவ,” என்பான். “ஓம்,” என்பேன்.

மாதுளை மரம் இப்போது இல்லை. போர்க் காலத்தில் கொடிகாமத்துக்கு ஓடி, பல வருஷம் கழித்துத் திரும்பியபோது, எங்கே வீடு நின்றது எங்கே கிணறு என்று தெரியாமல் காடு பற்றியிருந்தது. நாலு இடத்தில் கிண்டிப் பார்த்தேன். பேணி கிடைக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத எனக்கு, புருஷனும் போன பிறகு, தம்பியின் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிதான் ஆள் துணை. அவன் எழுபத்திரண்டு வயதில், நித்திரையில், ஒரு வருத்தமும் இல்லாமல் போனான். ஆறு மாதம் ஆகிறது.

போன கிழமை அவனுடைய மகன் தொலைபேசியில் எடுத்தான்.

“மாமி, அப்பான்ரை அந்தச் சதுரக் காசு இருக்கெல்லோ? இன்ரநெற்றிலை பாத்தனான். சிலோன் காசுகள் சேர்க்கிற ஆக்கள் இருக்கினம். ஆனா இது பெரிசா விலை போகாதாம், நிறைய அடிச்சிருக்கினமாம். அதுக்கில்லை. அப்பா சொன்னது உண்மையோ? அம்மாள் தந்ததோ?”

எனக்கு முதலில் பழக்கத்தில் “ஓம்” தான் வாயில் வந்தது. நிறுத்திக்கொண்டேன். இனி யாருக்குக் காய்ச்சல் திரும்பி வரப்போகிறது?

“இல்லை, மோனை,” என்றேன். “அது நான் குடுத்தது.”

“என்ன மாமி?”

“நான் குடுத்தது. புளி போட்டு மினுக்கி நான்தான் வைச்சனான். அம்மாள் இல்லை. அதாலைதான் நான் படிக்கேல்லை. தம்பிக்கு, உன்ரை கொப்பருக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது.”

பிறகு அவன் அந்தப் பக்கம் திரும்பி மனைவியிடம் மெல்லச் சொன்னது கேட்டது. “பாவம், மாமிக்கு எல்லாம் மாறாட்டமாப் போச்சுது. அப்பா போன கவலை.”

எனக்கு அழைப்பைத் துண்டிக்க வேண்டும்போல இருந்தது. துண்டிக்கவில்லை.

“சரி, மாமி, ஒண்டும் யோசியாதையுங்கோ,” என்றான், குழந்தைக்குச் சொல்லுவதுபோல உரத்து. “காசை நாங்கள் சாமி அறையிலேயே வைச்சிருக்கிறம். நீங்கள் சாப்பிட்டியளோ?”

“ஓம், மோனை,” என்றேன். “சாப்பிட்டன்.”